அச்சுக்கூடத்தில் புகுந்த கை



ஈய எழுத்துக்களைக் கோத்து ஏடு அச்சிட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் எழுதினார், பிழை திருத்துவோர் பார்த்தனர், அச்சுக்கூடம் சென்றது. நள்ளிரவில் ஒருவன் உள்ளே நுழைந்து, ஒரு வரியை மாற்றி வைத்து, அச்சேறி முடிந்ததும் பழைய வரியையே திரும்பக் கோத்துவிட்டு அகன்றால்? மறுநாள் கையெழுத்துப் படியைப் புரட்டுவோர்க்குக் குற்றம் தென்படுமா? தென்படாது! ஊரெங்கும் நஞ்சு பரவியிருக்கும். அதுவும் ஆசிரியர் பெயரைத் தாங்கியே பரவியிருக்கும்.

கற்பனையன்று இது. சோலார்விண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஓரியன் மென்பொருளுக்கு நேர்ந்த கதி. மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி இயக்கும் வடிவமாக்குவதே தொகுப்பு. அந்தத் தொகுப்பு நடக்கும் கணினியிலேயே பகைவர் தம் நிரலைப் பதுக்கினர். வேலை தொடங்கியதும் அது ஒரு கோப்பை மாற்றியது. முடிந்ததும் உண்மைக் கோப்பைத் திரும்ப வைத்தது. நிறுவனமோ தன் மின் கையொப்பத்தையும் இட்டு அனுப்பி வைத்தது! 2020 மார்ச் முதல் 18,000 வாடிக்கையாளர் வரை அது எட்டியது. அமெரிக்கக் கருவூலத் துறையும் வணிகத் துறையும் தப்பவில்லை. ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன்னிடம் நடந்த திருட்டைத் துருவிய பிறகே, டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது.

கையொப்பம் எதைச் சொல்கிறது? அனுப்பியவர் யார் என்பதை. அனுப்பிய பொருள், எழுதிய நிரலிலிருந்துதான் பிறந்ததா என்பதை அது சொல்வதில்லை. தொகுக்கும் கருவியே கறைபட்டிருந்தால், மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் பயனில்லை என்று கென் தாம்சன் 1984லேயே எச்சரித்தார். கேட்டோர் வியந்தனர், காவல் போட்டோர் சிலரே.

பரிகாரம் இல்லையா? உண்டு. ஒரே நிரலை, ஒருவரோடொருவர் தொடர்பற்ற பலர், தனித்தனிக் கணினிகளில் தொகுக்கட்டும். விளைவுகள் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பிசகினால், காரணம் தெரியும்வரை வெளியிடக் கூடாது. டெபியன் தொண்டர்கள் 2013 முதல் இதற்கே உழைக்கின்றனர். தொகுத்த நேரம் கோப்பில் பதிவதுகூட விளைவை வேறாக்கும். அத்தகைய வேற்றுமைகளை ஒவ்வொன்றாகக் களைந்து வருகின்றனர். பட்டபின் சோலார்விண்ட்ஸும் தனித்தனியே தொகுத்து ஒப்பிடும் முறைக்கு வந்தது.

செலவு ஆகுமே என்பர். ஆகும்! களவு போனபின் ஆகும் செலவை அவர்கள் கணக்கிட்டனரா? மக்கள் வரிப்பணத்தில் மென்பொருள் வாங்கும் அரசுகள், கையொப்பத்தைக் கண்டு கைகூப்ப வேண்டாம். “பிறர் தொகுத்தாலும் இதுவே வருமா? காட்டுங்கள்!” என்று கேட்கட்டும். அப்படிக் கேட்கும்படி அரசுகளை வற்புறுத்துவது நம் கடமை.