நடந்து காணும் நகர்

வரைபடம் ஒரு நகரின் வடிவைக் காட்டும்; அதன் இயல்பைக் காட்டவல்லது நடையே. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரை வீதிகளை நடந்தே காண்கின்றான். அவனுடன் நாமும் நடக்கின்றோம்.

திருக்கோணமலையும் நடப்பார்க்கே தன்னைக் காட்டும். ஒருபுறம் திறந்த கடல். மறுபுறம் குன்றுகள் சூழ்ந்த உள்துறைமுகம். இடையே ஒடுங்கிய நிலத்தில் நகர். அலையோசை கேட்டுப் புறப்பட்டவன் சிறிது நேரத்தில் அலையடங்கிய நீரருகே நிற்பான். கோணேசர் கோயிலுக்குச் செல்வோர், 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அக்கற்களைக்கொண்டு எழுப்ப, பின்னர் ஒல்லாந்தர் திருத்தியமைத்த கோட்டையின் வாயிலைக் கடந்தே மேடேற வேண்டும். அவ்வேற்றத்தைக் கால்களே உணரும். வழியில் மரநிழலிலே மான்கள் நிற்கும்.

சென்ற ஆண்டு என் மாணாக்கர் சிலரைக் கடற்கரையினின்று துறைமுகம்வரை நண்பகலில் அழைத்துச் சென்றேன். நிழலுள்ள இடங்களில் உரையாடி வந்தவர்கள், நிழலற்ற வீதியில் வாய்மூடி விரைந்தனர். நடைபாதை முடிந்தவிடத்து ஒருவர்பின் ஒருவராயினர். வீதியின் குணத்தை அறிய இதனினும் சிறந்த அளவுகோல் யாதுளது?

வீதியை அகலமாக்குங்கால் பெரும்பாலும் முதலில் வீழ்வது நிழல்மரம். அடுத்துச் சுருங்குவது நடைபாதை. ஊர்திகளுக்கு வழி வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் பள்ளிச் சிறாரும், சுமையுடன் சந்தையினின்று மீளும் தாய்மாரும், கோயில் செல்லும் முதியோரும் அவ்வீதிக்கு உரியவரல்லரோ? திட்டம் வரைவோர் அவ்வழியே ஒருமுறை நண்பகலில் நடந்து பார்ப்பாராக. ஆசிரியரும் தம் மாணாக்கருடன் நடந்து, நிழலும் பாதையும் அற்ற இடங்களைக் குறித்து அவர்க்கு எழுதுவாராக. அதுவும் கல்வியே.