உச்சிவேளை விருந்தினர்

திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்று வந்த அன்பர்களுக்கு அக்காட்சி நினைவிருக்கும். நண்பகலில் பாறைமீது ஒருவர் சர்க்கரைப் பொங்கலுடன் காத்திருப்பார். வெண்ணிறக் கழுகுகள் இரண்டு வட்டமிட்டு இறங்கி, அன்னத்தை உண்டு பறந்து செல்லும். கூடியிருப்போர் கன்னத்தில் போட்டுக்கொள்வர்.

சாபம் பெற்ற முனிவர்கள் யுகத்திற்கு இருவராகக் கழுகு வடிவில் வந்து வேதகிரீசுவரரை வழிபடுவதாகத் தலபுராணம் கூறும். பட்சி தீர்த்தம் என்றும் இத்தலத்திற்கு ஒரு பெயர் உண்டு. தேவார மூவர் காலத்திலேயே கழுக்குன்றம் என்ற பெயர் வழங்கியதால், அந்த உறவு 1,300 ஆண்டுகளுக்குக் குறையாதது.

பறவை நூலார் இக்கழுகை மஞ்சள்முகப் பாறு என்பர். விரித்த சிறகின் அகலம் ஐந்தடிக்கு மேல். எடையோ ஏறத்தாழ இரண்டு கிலோதான். பண்டைய எகிப்தியர் தம் சித்திர எழுத்துகளுள் ஒன்றாக இதன் உருவத்தையே வரைந்தனர். ஆப்பிரிக்காவில் இப்பறவை கல்லை அலகால் எடுத்து எறிந்து தீக்கோழி முட்டையை உடைக்கும். முகத்தின் மஞ்சள் நிறத்திற்குக் காரணம், அது தின்னும் கால்நடைச் சாணத்தில் உள்ள நிறமிகள் என்பது 2002இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு.

ஏன் இரண்டு? இப்பாறுகள் இணையாக வாழ்பவை. பாறை இடுக்கில் கூடு கட்டி, ஆண்டுதோறும் பழகிய இடத்திற்கே திரும்புபவை. ஏன் நண்பகல்? வெயில் ஏறிய பின்னரே தரை சூடாகி, வெப்பக் காற்று மேலெழும். அக்காற்றில் மிதந்தே இவை சிறகடிக்காமல் உயரச் செல்கின்றன. நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவு கிடைத்தால், அவ்வேளையைப் பறவைகள் மறப்பதில்லை. இவ்விளக்கங்களால் தலபுராணத்தின் பெருமை குறைவதில்லை; இயற்கையின் ஒழுங்கும் இறைவன் வகுத்ததே அன்றோ!

1990களின் பிற்பகுதியில் அவ்வருகை நின்றுபோயிற்று. அதே காலத்தில் நாடு முழுவதும் பாறு இனங்கள் அழிந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்தன. மாடுகளுக்கு வலிநீக்கியாகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தே முதற்காரணம் என்பது 2004இல் தெளிவாயிற்று. ஊசி போட்ட சில நாட்களில் இறந்த மாட்டைத் தின்னும் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். இறந்த கால்நடைகளை உண்டு ஊரைத் தூய்மையாக வைத்திருந்த பறவைகள் குறைந்ததும், அவ்வுணவு தெருநாய்களைப் பெருக்கியது.

கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பதை அரசு 2006இல் தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023இல் தடைக்கு உள்ளாயின. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளைப் பாதிப்பதில்லை. தமிழகத்தில் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் இன்றும் பாறுகள் வாழ்கின்றன.

நம்மில் பலர் கோசாலைகளுக்குப் பொருளுதவி செய்கிறோம். சிலர் வீட்டிலேயே பசு வளர்க்கிறோம். பசுவுக்கு வலிமருந்து தேவைப்படும்போது, "இது பாறுகளுக்குத் தீங்கில்லாத மருந்துதானே?" என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். மனிதருக்கான ஊசிமருந்தை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கத்தைத் தடுப்போம். கழுக்குன்றத்து விருந்தினரின் உறவினர் எங்கோ உயிருடன் இருக்கின்றனர். அவர்களைக் காப்பதும் கோயில் கைங்கரியமே.