ஒரு ரூபாய்தானே என்று விடாதீர்கள்



போனில் பிளாக், வாட்ஸ்அப்பில் பிளாக், இன்ஸ்டாகிராமிலும் பிளாக். அதற்கப்புறமும் ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, ‘ஒரே ஒரு தடவை பேசு’ என்று குறிப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சொன்னால், “ஒரு ரூபாய்தானே, விடு” என்பார்கள். விடக் கூடாது என்று சொல்லத்தான் இந்த முறை இந்தப் பக்கம்.

ஆஸ்திரேலியாவில் பால் மல்லன் என்ற மனநல மருத்துவரின் குழு, பெண்களையும் ஆண்களையும் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த 145 பேரை ஆராய்ந்து, 1999-ல் ஐந்து வகையாகப் பிரித்தது. பின்தொடர்கிறவன் என்றாலே இருட்டில் பதுங்கியிருக்கும் முன்பின் தெரியாதவன்தான் நம் மனதில் வருவான். அந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. உறவு முறிந்ததை ஏற்க மறுத்தவர்கள்தான் ஆகப் பெரிய பிரிவு. பெரும்பாலும் முன்னாள் துணைவர்கள். வீடு, வேலை, பஸ் நேரம், தோழிகளின் பெயர் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

திங்கட்கிழமை ‘நீ இல்லாவிட்டால் செத்துவிடுவேன்’ என்று அழுவான். வியாழக்கிழமை ‘உன்னை நிம்மதியாக வாழ விடமாட்டேன்’ என்பான். அழுகையைப் பார்த்து இரங்கிவிடுகிறோம், அதுவும் மிரட்டல்தான். இது கொலைவரை போவதும் உண்டு. பிரிட்டனின் குற்றவியல் ஆய்வாளர் ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவர்களால் நடந்த 372 கொலைகளை ஆராய்ந்து, அவற்றின் பாதையை எட்டுக் கட்டங்களாக எழுதினார். ‘ஆத்திரத்தில் அந்த நிமிடம் செய்துவிட்டான்’ என்ற பேச்சை அதைப் படித்தபின் என்னால் நம்ப முடியவில்லை. கொலைக்கு முந்தைய கட்டமே திட்டமிடல்தான். அதனால் ‘கடைசியாக ஒரு தடவை சந்திக்கலாம்’ என்ற அழைப்புக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

இப்படிப் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது நம் நாட்டில் 2013 முதல் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றாலே போதும், கை படவேண்டியதில்லை. ஆகவே ‘இனி தொடர்புகொள்ளாதே’ என்று ஒரே ஒரு முறை எழுத்தில் அனுப்புங்கள். அப்புறம் பதிலே வேண்டாம். நாற்பது அழைப்புகளை விட்டுவிட்டு நாற்பத்தோராவதை எடுத்தால், நாற்பத்தொன்று அடித்தால் எடுப்பாள் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். பிளாக் செய்யுமுன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், இடம் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பல பெண்கள் இதை வீட்டில் மறைப்பது அவனுக்குப் பயந்து அல்ல. படிப்பை நிறுத்திவிடுவீர்களோ, அவசரமாகக் கல்யாணம் பேசிவிடுவீர்களோ என்ற பயத்தில். மகள் வாய் திறந்தால் முழுசாகக் கேளுங்கள். ‘நீ என்ன செய்தாய்?’ என்று தொடங்காதீர்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அந்த நோட்டோடு நீங்களும் கூடப் போங்கள். முதலில் யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால், பெண்களுக்கான உதவி எண் 181.

அன்புடன்,
ஆசிரியர்