முதல் ஆறுமுகமும் மற்ற ஆறுமுகங்களும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை அமலில் இருக்கும் காலத்தில், புதுச்சேரியின் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் எந்தக் குடும்பத்துக்கு நிவாரணம் சேர்ந்தது, எதற்குச் சேரவில்லை என்ற பேச்சு எழுவது சகஜம். ஆனால் அப்பேச்சில் அடிபடாத ஒரு விஷயம், பயனாளிகளின் ஜாபிதாவைச் சரிபார்க்கும் குமாஸ்தா தம் கணினியில் எந்தச் சூத்திரத்தைப் பிரயோகிக்கிறார் என்பது.

நம் அலுவலகங்களில் எக்செல் தெரியும் என்றால் அநேகமாக வீலுக்கப் தெரியும் என்றே அர்த்தம். ஒரு பெயரையோ எண்ணையோ கொடுத்தால், ஜாபிதாவின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வந்து, பொருந்துகிற முதல் வரியின் விவரத்தைத் தந்துவிட்டு அது ஓய்ந்துவிடும். பொருத்தமே இல்லையென்றால் பிழைக்குறி காட்டும் யோக்கியதை அதற்கு உண்டு (சூத்திரத்தின் கடைசியில் ‘ஃபால்ஸ்’ என்று எழுத மறந்தவருக்கு அதுவும் இல்லை, சம்பந்தமற்ற வேறொருவரின் விவரத்தை நீட்டவும் கூசாது). பொருந்தும் வரிகள் நான்கு இருந்தாலோ, மற்ற மூன்றைப் பற்றி ஒரு சமிக்ஞையும் தராது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லாத நம் வழக்கத்தில், கே. ஆறுமுகம் என்பவர் ஒருவரோடு நிற்பாரா?

பெயரை விட்டுக் குடும்ப அட்டை எண்ணால் தேடலாமே என்று ஆட்சேபிப்பவர்கள், அங்கத்தினர் ஜாபிதாவில் அதே எண் ஐந்து வரிகளில் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வீலுக்கப் முதல் வரியோடு, அதாவது பெரும்பாலும் குடும்பத் தலைவரோடு, திருப்தியடைந்துவிடும். கணவனை இழந்து தாய்வீடு திரும்பிய மகள் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டாள். ஒன்றுக்குப் பல பொருந்துவது ஜாபிதாவின் தோஷமன்று; ஜனங்கள் வாழ்வதே அப்படித்தான்.

பரிகாரம் இல்லாமலில்லை. முன்பெல்லாம் இன்டெக்ஸ், ஸ்மால், இஃப் ஆகியவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் எல்லா வரிகளும் வெளிவரும். அதைக் கற்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? மைக்ரோசாஃப்ட் 2018இல் அறிவித்த ஃபில்டர் சூத்திரம் அவ்வேலையை ஒரே வரியில் முடிக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் அது உண்டு. 2019இல் வந்த எக்ஸ்லுக்கப் புதிது என்பதால் இதற்கும் உதவும் என்று நினைப்பது தவறு. ஒரே பெயர் பல வரிகளில் இருந்தாலும் ஒரு வரியைத்தான் அதுவும் கொண்டுவரும்.

இத்தனைக்கும், பல பொருத்தங்களை ஏற்றுத் தேடும் முறை இவ்வூரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் பதிவு முறையிலேயே இருந்தது. பிறப்பு, விவாகம், மரணம் ஆகிய பதிவுகளுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை அகரவரிசை அட்டவணை தயாரிக்க வேண்டுமென்று 1792ஆம் ஆண்டுச் சட்டமே பிரான்சில் விதித்தது. அத்தகைய அட்டவணையில் ஒரே பெயருள்ளவர்கள் தத்தம் தேதியுடன் அடுத்தடுத்து நிற்பார்கள். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தனிநபர் சட்டத்தைத் துறந்து புதுக் குடும்பப்பெயர் பூண்டவரின் வழிவந்தோரும், 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவரின் சந்ததியாரும் பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடும்போது, முதலில் கண்ட பெயரோடு நிறுத்தினால் அந்நியரைப் பாட்டனாராக்கிக்கொள்ள நேரும். விரல் அப்பெயர் முடியும் வரை இறங்கியே ஆகவேண்டும்.

ஆகவே, அரசு ஊழியருக்குக் கணினிப் பயிற்சி அளிப்போர் வீலுக்கப்பைக் கற்பிப்பதற்கு முன் கவுன்ட்இஃப் சூத்திரத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு பெயருக்கும் அட்டைக்கும் எதிரே அது எத்தனை முறை வருகிறது என்று ஒரு பத்தியில் அச்சிட்டு, ஒன்றுக்கு மேற்பட்டவற்றையெல்லாம் ஃபில்டர் மூலம் தனியே பிரித்து, பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்னரே அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் காட்டிச் சரிபார்க்கலாம். எந்த ஆறுமுகம் எந்த வீட்டுக்காரர் என்பது அவர்களுக்குத் தெரியும்.