எண்ணமும் இலக்கும் செயலும் ஒரே திசையில்



சென்ற மாதம் சேமிப்பைப் பற்றிக் கதைத்தோம். சேமிக்க வேண்டும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் முடிவதில்லை? வருமானம் போதாது என்பது ஒரு காரணம். அது உண்மையான காரணமும்கூட. ஆனால் அது மட்டுமல்ல. இந்த மாதம் அந்த மற்றக் காரணத்தைப் பார்ப்போம்.

களப்பில் ஒரு தோணி. இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள். ஒருவர் கரையை நோக்கி, மற்றவர் கடலை நோக்கி. இருவரும் வியர்க்க வியர்க்கப் பாடுபடுகிறார்கள். தோணியோ நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இவர்களைச் சோம்பேறிகள் என்று யாராலும் சொல்ல முடியாது. குறை உழைப்பில் இல்லை, திசையில்தான்.

நமது வாழ்விலும் மூன்று துடுப்புகள் உண்டு. ஒன்று எண்ணம்: என்னைப் பற்றியும் என் நாளையைப் பற்றியும் நான் நம்புவது. இரண்டாவது இலக்கு: நான் அடைய நினைப்பது. மூன்றாவது செயல்: இன்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என் கை செய்வது. இவை மூன்றும் ஒரே பக்கமாகப் போனால் சிறிய உழைப்பும் பலன் தரும். வெவ்வேறு பக்கமாக இழுத்தால் பெரிய உழைப்பும் வீணாகும்.

"நாளைக்குப் போய்விடுவோம்"

புத்தளத்திலிருந்து வடக்கே போனால் கடலோரத்தில் கரைத்தீவு இருக்கிறது. (அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு வேறு.) அதற்கும் அப்பால் எலுவன்குளம். அங்கே கலாஓயாவைக் கடந்து வில்பத்துக் காட்டினூடாக மன்னாருக்குப் போகும் பழைய வீதி தொடங்குகிறது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அது வெறும் வீதியல்ல, ஊருக்குப் போகும் வழி. யுத்த காலத்தில் அந்த வழி மூடிக் கிடந்தது.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசமே கொடுக்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோர் தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்திலேதான். கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கை தொடங்கியது.

அப்போது எல்லோர் வாயிலும் இருந்த ஒரே வார்த்தை, "நாளைக்குப் போய்விடுவோம்" என்பது. அந்த நம்பிக்கை தேவையாகத்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் பலர் அன்றே உடைந்து போயிருப்பார்கள். ஆனால் நாளை என்பது மாதமாகி, மாதம் வருடமாகி, வருடம் இருபதைத் தொட்டது. போகப்போகிறோமே என்று ஒரு முருங்கைத் தடியைக்கூட ஊன்றாமல் விட்ட வீடுகள் இருந்தன. நாளை ஊர்ப் பாடசாலைக்குப் போகலாம் என்று பிள்ளையின் படிப்பைத் தள்ளிப்போட்ட வீடுகளும் இருந்தன. வேறு சில வீடுகளில் அதே நம்பிக்கையோடு முருங்கையும் நட்டார்கள், தையலும் படித்தார்கள், பிள்ளையையும் அனுப்பினார்கள். "போகும் நாள் வந்தால் தையல் என்னோடு வரும், பிள்ளையின் படிப்பும் வரும்" என்று எண்ணினார்கள்.

இரு வீட்டிலும் நம்பிக்கை ஒன்றுதான். ஒரு வீட்டில் அது கையைக் கட்டிப் போட்டது, மறு வீட்டில் கைக்கு வேலை கொடுத்தது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய வித்தியாசம்.

2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பிப் போனார்கள். காணிகள் காடாகிக் கிடந்தன. சிலர் இங்கேயே தங்கினார்கள். ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக நிற்பவர்களும் உண்டு. இதில் எது சரி, எது பிழை என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் குடும்பமாக உட்கார்ந்து, "நாம் எங்கே வாழப்போகிறோம்?" என்று ஒரு முடிவுக்கு வராத வீட்டில் இரண்டு இடத்துச் செலவும் இருக்கும், ஓரிடத்து வருமானமும் உருப்படியாக இராது. வன்னியிலிருந்து முகாம்களுக்கும் பின்னர் ஊருக்கும் அலைந்த தமிழ்ச் சகோதரிகளுக்கும் இது தெரிந்த கதைதான்.

நம்மில் இருவர்

முல்லைத்தீவைச் சேர்ந்த ஜன்சிலா மஜீத் 1990இல் இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்தவர். முகாம் வாழ்க்கையின் துயரம் அவருக்குக் கேள்விப்பட்ட செய்தியல்ல, பட்டறிந்தது. தனக்கு உதவி கிடைக்கும் வரை காத்திராமல், தன்னைப்போல் வந்தவர்களுக்காக வேலை செய்யத் தொடங்கினார். கொம்யூனிட்டி ட்ரஸ்ட் ஃபண்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் இருந்துகொண்டு, முஸ்லிம், தமிழ் என்று பாராமல் இடம்பெயர்ந்த பெண்களின் உரிமைக்காக உழைத்தார். 2010இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் உலகின் துணிச்சல்மிக்க பெண்களுக்கு வழங்கும் விருது அவருக்குக் கிடைத்தது.

மன்னாரைச் சேர்ந்த ஷிரீன் சரூரும் 1990இல் வெளியேற்றப்பட்டவர்தான். அந்தக் கசப்பை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பெண்களிடமிருந்து அவர் விலகிப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1990களின் பிற்பகுதியில் மன்னாரில் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே பாயில் உட்காரவைத்து அமைப்பொன்றைத் தொடங்கினார். இரு சமூகமும் சேர்ந்து வாழ முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைச் சொல்லோடு விடாமல் செயலாகக் காட்டினார்.

விருதைப் பார்த்து மலைக்க வேண்டாம், சகோதரிகளே. விருது வந்தது பல வருடங்களுக்குப் பிறகு. அதற்கு முன் இருந்தவை பஸ் பயணங்களும் கூட்டங்களும் மனுக்களும்தான்.

நம்பிக்கைக்கு முன்னால் கால் நகரலாம்

"முதலில் தன்னம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்குகிறேன்" என்று பலர் சொல்வார்கள். எப்போதும் அந்த வரிசையில்தான் நடக்க வேண்டும் என்றில்லை.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 அளவில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குப் பழக்கினார்கள். கல்லுடைப்பவர்களும் வயல் வேலை செய்பவர்களும் வந்தார்கள். "பொம்பளைக்குச் சைக்கிளா?" என்ற கேலி இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பாரில் பிள்ளையை வைத்துக்கொள்ள அது வசதி என்றும் கண்டுகொண்டார்கள்.

அந்தப் பெண்கள் துணிவு வந்த பிறகு சைக்கிளில் ஏறவில்லை. ஏறி, விழுந்து, மீண்டும் ஏறிய பிறகே துணிவு வந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, தண்ணீர் எடுக்கலாம், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகலாம் என்று கண்டபோது, தங்களைப் பற்றிய எண்ணமே மாறியது. எண்ணம் செயலை நடத்துவதைப் போலவே, சிறிய செயலும் எண்ணத்தைத் திருத்தும்.

கணக்குப் பார்த்தால் தெரியும்

நம் கடற்கரையில் பல சகோதரிகளின் எண்ணம், "கருவாட்டில் நல்ல இலாபம்" என்பது. நல்லது. ஆனால் எண்ணம் கணக்கோடு ஒத்துப்போகிறதா? உதாரணத்துக்கு ஒரு விலையை வைத்துப் பார்ப்போம். உங்கள் சந்தை விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

10 கிலோ மீன், கிலோ 400 ரூபாப்படி 4,000 ரூபா. உப்பு, பை, பஸ் கூலி 500 ரூபா. மொத்தம் 4,500 ரூபா. மீன் காயும்போது நிறை மிகவும் குறையும். மீனின் வகையைப் பொறுத்து மூன்றரைக் கிலோ தேறுகிறது என்று வைப்போம். கிலோ 1,200 ரூபாவுக்கு விற்றால் கைக்கு வருவது 4,200 ரூபா. அதாவது 300 ரூபா நட்டம். 400 ரூபா மீன் 1,200 ரூபாவுக்குப் போகிறதே என்று சந்தோஷப்பட்ட வியாபாரத்தில்தான் இந்த நட்டம்! 1,600 ரூபாவுக்கு விற்றால் 5,600 ரூபா வரும். மிச்சம் 1,100 ரூபா. அது இரண்டு நாள் உழைப்பு என்றால் நாளொன்றுக்கு 550 ரூபா. இந்த வியாபாரத்தைச் செய்யலாமா, மீனை இன்னும் மலிவாக எடுக்க வழி உண்டா, இடைத்தரகரை விட்டு நாலு பேர் சேர்ந்து விற்கலாமா என்ற கேள்விகள் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் வரும்.

கடனும் இப்படித்தான். கடன் எடுக்கும்போது சொல்லும் இலக்கு கோழி வளர்ப்பு. பணம் போவது மகளின் கல்யாணத்துக்கு அல்லது பழைய கடனுக்கு. கோழியே வாங்காதபோது வாராந்தத் தவணையைக் கோழியா கட்டும்? இன்னொரு கடன்தான் கட்டும். புத்தளம் உட்பட வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அதிலிருந்தே எத்தனை குடும்பங்கள் இந்தச் சுழியில் மாட்டியிருந்தன என்று விளங்கும். கல்யாணத்துக்குப் பணம் தேவைப்படுவது குற்றமல்ல. ஆனால் அதைக் கல்யாணக் கடன் என்றே நினைத்து, எந்த வருமானத்தால் கட்டுவோம் என்று பார்த்து எடுங்கள். பெயர் ஒன்று, செலவு ஒன்று என்றால் ஏமாறுவது கடன் கொடுத்தவர் அல்ல, நாம்தான்.

மனம் ஒப்பாத செயல்

இனிச் சொல்லப்போவது கனமான விடயம். கணவர் அல்லது மகன் காணாமற்போன சகோதரிகள் நம் வாசகிகளில் பலர். "அவர் இருக்கிறார்" என்று மனம் சொல்கிறது. ஆனால் காணி அலுவலுக்கும் வங்கிக் கணக்குக்கும் உதவிப் பணத்துக்கும் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதை எடுத்தால் அவரைக் கைவிட்டது போலாகும். எடுக்காவிட்டால் பிள்ளைகளின் அலுவல் நின்றுபோகும். எண்ணமும் செயலும் இதைவிடக் கொடுமையாக மோதும் இடம் வேறில்லை.

இவர்களுக்காக 2016இல் சட்டம் ஒன்று வந்தது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற அது வழி செய்தது. அதைக் கொண்டு குடும்பத்தின் அலுவல்களைப் பார்க்கலாம். தேடுவதையும் விடத் தேவையில்லை. விபரத்தை உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அந்தச் சான்றிதழ் பதிலாகாது, ஆறுதலும் ஆகாது. நீதி கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் மனதைப் பொய்யாக்காமல் பிள்ளைகளின் காரியத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் உனக்கு வறுமை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யுத்தத்தை நீங்கள் கொண்டு வரவில்லை. காணி உறுதி இல்லாமல் போனது உங்கள் மனப்பான்மையால் அல்ல. எண்ணத்தை நேராக்குவதால் எல்லாக் கதவும் திறந்துவிடாது. திறக்கக்கூடிய கதவு எது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் அதுவே சிறிய விடயமல்ல. உறக்கமே வராமல், எதிலும் மனம் பற்றாமல் நாட்கள் போகிறதென்றால், அது சோம்பலல்ல. தயங்காமல் வைத்தியசாலையில் மனநலப் பிரிவை நாடுங்கள்.

இந்த மாதம் செய்து பார்க்க

ஒரு பழைய கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

1. முதற் பகுதியில் உங்கள் எண்ணத்தை உள்ளபடி எழுதுங்கள். "என்னால் தனியாகப் புத்தளம் டவுனுக்குப் போய் வர முடியாது" என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

2. இரண்டாவதில் ஓர் இலக்கு. ஒன்று போதும். "முன்னேற வேண்டும்" என்று எழுதாதீர்கள். "நோன்புப் பெருநாளுக்கு முன், தீபாவளிக்கு முன், நத்தாருக்கு முன் தையல் மெஷினைத் திருத்தி எடுப்பேன்" என்று, நாளோடும் பணத்தோடும் எழுதுங்கள்.

3. மூன்றாவதில் கடந்த ஏழு நாளில் அந்த இலக்குக்காகச் செய்ததை எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள்.

இப்போது மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். எங்கே இடறுகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். இலக்கு பெரிதென்றால் சிறிதாக்குங்கள். எண்ணம் தடுக்கிறதென்றால் அதைப் பரீட்சித்துப் பாருங்கள்: ஒரு தோழியோடு ஒருமுறை டவுனுக்குப் போய் வாருங்கள், மறுமுறை தனியாக. செயல் இல்லையென்றால் நாளைக்கென்று அரைமணிநேரத்தை ஒதுக்குங்கள். மாதர் சங்கத்திலோ சீட்டுக் குழுவிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாரமொருமுறை கொப்பியைப் பார்த்தால் இன்னும் நல்லது. ஒருவர் தளரும்போது மற்றவர் தூக்கிவிடுவார்.

முஸ்லிம் சகோதரிகள் எந்த நற்காரியத்துக்கும் முன் நிய்யத் வைப்பார்கள். நிய்யத் வைத்துவிட்டுத் தொழாமல் யாரும் எழுந்து போவதில்லை. கதீஜா நாயகி அவர்கள் வணிகத்தில் சிறந்து விளங்கியவர் என்பதையும் நாம் அறிவோம். கோயிலில் நேர்த்தி வைப்பவர்களும் தேவாலயத்தில் பொருத்தனை செய்பவர்களும், சொன்னதை நிறைவேற்றாமல் விட்டால் மனம் உறுத்தும் என்று அறிவார்கள். மூன்று சமயத்தாருக்கும் பழக்கமான ஒழுங்கு இது. அதையே அடுப்படிக்கும் சந்தைக்கும் கடன் கொப்பிக்கும் கொண்டு வருவோம்.

அடுத்த மாதம், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறுதொழில் தொடங்கும்போது கணக்கை எப்படி வைப்பது என்று பார்ப்போம். அதற்குள் அந்தக் கொப்பியில் நான்கு வாரங்கள் நிரம்பியிருக்கட்டும்.