உபகாரமா, சம்பளமா?

உபகாரச் சம்பளம் என்று ஒரு பழைய சொல் நம்மிடம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை மேலே படிப்பதற்குக் கிடைக்கும் பணத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. ஒரே சொல்லில் இரண்டு எதிரிகளைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். உபகாரம் என்றால் கொடுக்கிறவன் மனமிரங்கிக் கொடுப்பது. வாங்குகிறவன் கைகட்டி நிற்க வேண்டும். சம்பளம் என்றால் உழைத்தவனுக்குச் சேர வேண்டியது. குறைந்தால் கேட்கலாம், கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்தலாம். சர்வகலாசாலைகளில் பட்ட மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுக்கப்படும் பணம் இந்த இரண்டில் எது? இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

படித்தவர் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று தோழர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மூன்றாவது ஷிப்டு பார்க்கும் மில் தொழிலாளியின் மகள் இன்று எம்.எஸ்ஸி. முடித்து நிற்கிறாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாயின் மகன் ஆராய்ச்சிக்கு மனுப்போட்டிருக்கிறான். நாமும் நம் தாய் தந்தையரும் போராடி வாங்கிய பள்ளிக்கூடத்தின் பலன் இது. அந்தப் பிள்ளைகளின் வாசலில்தான் இப்போது கன்சல்டன்சிக்காரன் வந்து நிற்கிறான். "அமெரிக்காவுக்கு அனுப்புங்கள். அங்கே பெலோஷிப் இருக்கிறது, ஸ்காலர்ஷிப் இருக்கிறது, அசிஸ்டன்ட்ஷிப் இருக்கிறது. படிப்பும் இலவசம், கையில் டாலரும் கிடைக்கும்" என்கிறான். வீட்டுப் பத்திரம் பாங்கிக்குப் போகிறது.

முதலில் இவன் சொல்லாமல் மறைப்பதைச் சொல்லிவிடுவோம். அந்நாட்டில் முழுச் செலவையும் ஏற்கும் இடங்கள் பெரும்பாலும் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு உரியவை. நம் பிள்ளைகளில் மிகப் பலர் போவதோ இரண்டு வருஷத்து எம்.எஸ். படிப்புக்கு. அதற்குக் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும்; உதவி கிடைப்பவர் சிலர், கடனில் படிப்பவர் பலர். ஆகவே "உதவித்தொகை நிச்சயம்" என்று எவனாவது சொன்னால், சர்வகலாசாலை கையெழுத்திட்ட கடிதத்தில் எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு தொகை, கட்டணம் தள்ளுபடியா இல்லையா என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, உதவி கிடைத்தவர் கதை என்ன? பெலோஷிப் என்பது வேறு வேலை வாங்காமல் ஆராய்ச்சிக்கென்றே கொடுப்பது. அது சிலருக்கே வாய்க்கும். பெருவாரியானவர்களுக்குக் கிடைப்பது அசிஸ்டன்ட்ஷிப். பெயர்தான் உதவி, உதவுகிறவர் யார் என்று பாருங்கள்! வாரத்துக்கு 20 மணி நேரம் என்று காகிதத்தில் எழுதியிருக்கும். புரொபசர் பெரிய மண்டபத்தில் பேசிவிட்டுப் போன பிறகு மாணவர்களைச் சிறு கூட்டமாக உட்கார்த்திப் பாடம் புரிய வைப்பவர் இவர். சோதனைச்சாலையில் நின்று சொல்லிக்கொடுப்பவர் இவர். கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துபவர் இவர். இவர் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டால் பரீட்சை மார்க்கு வெளியே வராது. இன்னொரு வகை, ஆராய்ச்சி அசிஸ்டன்ட். சர்க்கார் கொடுக்கும் ஆராய்ச்சி மானியத்திலிருந்து இவருக்குக் கூலி. அந்த மானியத்தில் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கைச் சர்வகலாசாலை எடுத்துக்கொள்ளும். கட்டுரையில் புரொபசர் பெயரும் ஏறும். மானியம் மறுபடி வரும்.

இந்த வேலையை விட்டுப் போகவும் முடியாது. வெளிநாட்டு மாணவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளேயே, அதுவும் வாரத்துக்கு 20 மணிக்கு மேற்படாமல்தான் வேலை செய்யலாம் என்பது விசா விதி. படிப்பிலிருந்து நீக்கினால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதுதான். சிபாரிசுக் கடிதம் புரொபசர் கையில், புதுப்பிப்பு உத்தரவு இலாகா கையில். பண்ணையாரிடம் பட்ட கடனுக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாளை அறிந்தவர்கள் நாம். அந்த நிலையும் இதுவும் ஒன்றென்று சொல்லவில்லை. குளிர்சாதன அறைக்கும் சேற்று வயலுக்கும் தூரம் அதிகம். ஆனால் கயிறு கயிறுதான்.

இப்படி உழைப்பவர்கள் "எங்களுக்குச் சங்கம் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும்" என்று கேட்டால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "நீங்கள் தொழிலாளிகளா? அபசாரம்! நீங்கள் மாணவர்கள். நாங்கள் கொடுப்பது கூலியா? சிவ சிவா! அது கல்விக்குச் செய்யும் உதவி!" இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1986-ல் அந்நாட்டுச் சர்க்கார் வரிச் சட்டத்தைத் திருத்தி, கல்விக் கட்டணம் போக மிஞ்சும் உதவித்தொகைக்கு வருமான வரி விதித்தது. வரி வாங்கும்போது அது வருமானம். கூலி உயர்வு கேட்டால் அது தானம்! 2017-ல் கையில் வராத பணத்துக்கும், அதாவது தள்ளுபடி செய்த கட்டணத்துக்கும் வரி போடப் பிரதிநிதிகள் சபை மசோதா நிறைவேற்றியது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தார்கள். இறுதிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை.

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. விஸ்கான்சின் சர்வகலாசாலையின் உதவி ஆசிரியர்கள் 1966-ல் சங்கம் கண்டார்கள். 1969-ல் அங்கீகாரம் பெற்றார்கள். 1970-ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தத்தைக் கையில் வாங்கினார்கள். பின்னால் 2011-ல் அந்த மாநிலத்தில் அரசு ஊழியரின் பேரம் பேசும் உரிமையைப் பறிக்கும் மசோதா வந்தபோது, சட்டமன்றக் கட்டடத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டவர்களில் முன்வரிசையில் இருந்தவர்களும் இந்தச் சங்கத்தார்தான்.

தனியார் சர்வகலாசாலைகளில் நடந்த நாடகம் இன்னும் ரசமானது. அங்கே யார் தொழிலாளி என்று தீர்மானிப்பது தேசியத் தொழிலுறவு வாரியம். 2000-ல் நியூயார்க் சர்வகலாசாலை வழக்கில் "இவர்கள் தொழிலாளிகளே" என்று வாரியம் தீர்ப்பளித்தது. ஜனாதிபதி மாறினார், வாரியத்தின் நாற்காலிகளில் ஆள் மாறினார்கள், 2004-ல் பிரவுன் சர்வகலாசாலை வழக்கில் "இல்லை, மாணவர்களே" என்றது. 2016-ல் கொலம்பியா வழக்கில் "தொழிலாளிகளே" என்று மறுபடி புரண்டது. அதே வகுப்பறை, அதே விடைத்தாள் கட்டு, அதே 20 மணி! பதினாறு வருஷத்தில் வேலை துளியும் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் மூன்று முறை மாறியது. சட்டம் நடுநிலையானது என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

தீர்ப்பு வந்தும் கொலம்பியா துரைமார்கள் சுலபத்தில் இறங்கி வரவில்லை. 2021 நவம்பர் 3 முதல் 2022 ஜனவரி 7 வரை மாணவத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. டிசம்பர் 10-க்குள் வேலைக்குத் திரும்பாதவர்களுக்கு அடுத்த பருவத்தில் இடம் நிச்சயமில்லை என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியது. கோவையிலும் மதுரையிலும் ஆலை வாசலில் ஒட்டிய நோட்டீசுகளைப் படித்த கண்களுக்கு இந்தப் பாஷை புதிதா?

எல்லாவற்றிலும் பெரியது கலிபோர்னியாப் போராட்டம். 2022 நவம்பர் 14-ந் தேதி கலிபோர்னியா சர்வகலாசாலையின் பத்து வளாகங்களிலும் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆசிரிய அசிஸ்டன்ட் வாங்கிய கூலி வருஷத்துக்குச் சுமார் 24,000 டாலர். டாலர் கணக்கைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம்; மாதத்துக்கு 2,000 என்றால் பெர்க்லியிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ வீட்டுக்காரனுக்குக் கொடுத்தது போக மீதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்டது 54,000. டிசம்பர் 23 வரை போராடி, 2024 அக்டோபருக்குள் குறைந்தபட்சம் 34,000 ஆக உயர்த்தும் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். இது போதாதென்று எதிர்த்து வாக்களித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஆறு வாரத்தில் இவ்வளவு ஏற்றத்தை எந்த உபகாரி எந்தக் காலத்தில் தானாகக் கொடுத்தான்?

இந்தப் படிப்பாளிகள் சேர்ந்திருந்த சங்கம் எது தெரியுமா? ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கம்! 1936-37-ல் பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே 44 நாள் உட்கார்ந்து அந்த ராட்சசக் கம்பெனியைப் பணிய வைத்தார்களே, அதே சங்கம். இன்று அதன் உறுப்பினர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் சர்வகலாசாலைகளில் வேலை செய்பவர். கலிபோர்னியாவில் மறியல் நடந்தபோது பார்சல் வண்டி ஓட்டுநர்கள் மறியல் கோட்டைத் தாண்ட மறுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எம்.ஏ. படித்தவனுக்காக லாரி ஓட்டுகிறவன் தன் சரக்கை நிறுத்தினான். இந்தச் செய்திக்கு நமது பெரிய பத்திரிகைகள் எத்தனை அங்குலம் ஒதுக்கின?

போராடி வாங்கியதும் பறிபோகக்கூடும். 2025 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் கொலம்பியாவுக்குச் சேர வேண்டிய 40 கோடி டாலர் மானியங்களை ரத்து செய்தது. அதே மாதத்தில், புதிய ஒப்பந்தப் பேச்சு தொடங்கவிருந்ததற்கு முந்தின நாள், மாணவத் தொழிலாளர் சங்கத் தலைவரைச் சர்வகலாசாலை வெளியேற்றியது. பாலஸ்தீன மக்களுக்காக 2024-ல் நடந்த கட்டட ஆக்கிரமிப்பு காரணமாகக் காட்டப்பட்டது. நாள் பார்த்துத்தான் செய்தார்கள் என்று நாம் எண்ணினால் தப்பாகுமா?

"கூலியல்ல, உதவி" என்ற இந்தப் பித்தலாட்டத்துக்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நம் பஞ்சாலைகளில் அப்ரண்டிஸ் என்று பெயர் சூட்டி எத்தனை ஆயிரம் பெண்களை வேலை வாங்கினார்கள்! மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்கலப் பெயரும் வைத்தார்களே! 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. அவருக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கூலி என்றா பெயர்? ஸ்டைபெண்டு! அமெரிக்கச் சர்வகலாசாலை தன் அசிஸ்டன்டுக்குக் கொடுப்பதன் பெயரும் ஸ்டைபெண்டுதான். ரிங் பிரேமின் முன்னால் நிற்கும் பெண்ணும் சோதனைச்சாலையில் நிற்கும் மாணவனும் ஒரே சொல்லால் ஏமாற்றப்படுகிறார்கள்.

நம் நாட்டு ஆராய்ச்சி மாணவர் நிலைக்கு வருவோம். நெட் பரீட்சையில் தேறி ஜூனியர் பெலோஷிப் பெற்றவருக்கு மாதம் 31,000 ரூபாயாக இருந்ததை 2023-ல் 37,000 ஆக்கினார்கள். அதுவும் கிளர்ச்சி செய்து வாங்கியதே. தேறாதவர் கதி? மத்திய சர்வகலாசாலைகளில் அவர்களுக்கு மாதம் 8,000. 2015 அக்டோபரில் யு.ஜி.சி. அதையும் நிறுத்த முடிவு செய்தது. மாணவர்கள் டில்லியில் அதன் ஆபீசு வாசலிலேயே போய் உட்கார்ந்து காப்பாற்றினார்கள். 2023-ல் மற்றவர்களுக்கு உயர்த்தியபோதும் இந்த 8,000 அசையவில்லை. ஒரு கணக்குப் போடுவோம். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். 26 நாளுக்கு 8,294. வரப்பு வெட்டுகிறவருக்கு அறிவித்த அற்பக் கூலிக்கும் கீழே வைத்திருக்கிறார்கள் டாக்டர் பட்டத்துக்கு உழைப்பவரை! இதுவும் மத்திய சர்வகலாசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகள் அதிகம் படிக்கும் மதுரை காமராஜரிலோ பாரதியாரிலோ இந்த 8,000 கூடக் கிடையாது.

கொடுத்ததையும் பிடுங்குகிறார்கள். சிறுபான்மை வகுப்பு மாணவருக்கு 2009 முதல் இருந்துவந்த மௌலானா ஆசாத் பெலோஷிப்பை 2022 டிசம்பரில் மத்திய அரசு நிறுத்தியது. வேறு திட்டங்களிலும் இவர்கள் பயன் பெறுகிறார்களாம்! பட்டியல் சாதியாருக்கான பெலோஷிப் 1950-ம் வருஷத்து உத்தரவின்படி தலித் கிறிஸ்தவருக்குக் கிடையாது என்பது மந்திரிகளுக்குத் தெரியாதா?

ரோகித் வேமுலாவை நாம் மறக்கவில்லை. தையல் வேலை செய்து வளர்த்த தாயின் மகன். ஹைதராபாத் மத்திய சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர். 2016 ஜனவரி 17-ந் தேதி உயிரை விடுமுன் எழுதிய கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத பெலோஷிப் பணம் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்தைத் தன் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கேட்டிருந்தார். சாதிக் கொடுமை அவரைத் துரத்தியது. அதன் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று இந்தக் கூலி பாக்கி.

1936-ல், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, ஆலைத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கச் சட்டத்தில் நாள் குறித்தார்கள்: ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலையில் 7-ந் தேதிக்குள், அதற்கு மேற்பட்டதில் 10-ந் தேதிக்குள். ஆராய்ச்சி மாணவருக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மாதக்கணக்கில் பணம் வராமல் விடுதி மெஸ்ஸில் கடன் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். பெலோஷிப் மாதாமாதம் குறித்த நாளில் வர வேண்டும். 8,000 என்பதை உயர்த்தி மாநிலச் சர்வகலாசாலைகளுக்கும் விரிக்க வேண்டும். மௌலானா ஆசாத் பெலோஷிப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பாடம் நடத்தும், சோதனைச்சாலையில் உழைக்கும் மாணவருக்குச் சங்க உரிமை வேண்டும். ஆலை வாயில் கூட்டத்திலும் விவசாயத் தொழிலாளர் மாநாட்டிலும் கூலிக் கோரிக்கைகளை வாசிக்கும்போது இவற்றையும் சேர்த்து வாசியுங்கள், தோழர்களே. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் உங்கள் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, தன் கணக்கைத் தானே சொல்லச் சொல்லுங்கள்.