கப்பலுக்குப் போக எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் பல வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பமாகிவிடும். "பையனைக் கப்பலுக்கு அனுப்பலாமா?" சொந்தக்காரர் யாராவது ஒருவர் ஏற்கனவே கப்பலில் இருப்பார். ஆறு மாதம், ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டு வந்து அவர் மாடி வீடு கட்டியிருப்பார். அதைப் பார்த்து ஆசை வரும். கூடவே ஒரு பயமும் வரும். "நம்ம பையன் தமிழ் மீடியம் ஆச்சே, கப்பல்ல எல்லாமே இங்கிலீஷாமே!"

இந்தப் பயம் முழுக்க முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. அதிகாரி ஆவதற்கான நாட்டிகல் சயின்ஸ், மரைன் எஞ்சினியரிங் படிப்புகளில் சேர, பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ ஆங்கிலத்தில் 50 சதவீத மதிப்பெண் கேட்கிறார்கள். பிறகு எழுதும் பரீட்சைகளும், 'ஓரல்ஸ்' என்று சொல்லப்படும் நேர்முகத் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் இந்தப் பயத்துக்கு ஊரில் விற்கப்படும் மருந்துதான் தவறு. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே சரளமாகப் பேசுவது, வெள்ளைக்காரர் மாதிரி உச்சரிப்பது, நாலு பேர் முன்னால் தயங்காமல் தன்னை அறிமுகம் செய்துகொள்வது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஓட்டல் வேலைக்கும் கால் சென்டருக்கும் அது உதவலாம். கப்பலுக்கு வேண்டிய ஆங்கிலம் அது இல்லை. சில விஷயங்களில் அதற்கு நேர் எதிரானது!

எப்படி என்று பார்ப்போம்.

கப்பல் ஆங்கிலம் என்றால் என்ன?

உலக வணிகத்தில், எடைக் கணக்கில் பார்த்தால், 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. 2021-ல் வெளியான பிம்கோ அமைப்பின் அறிக்கைப்படி உலகம் முழுவதும் வணிகக் கப்பல்களில் வேலை செய்பவர்கள் சுமார் 18.9 லட்சம் பேர். பிலிப்பைன்ஸ், ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகள்தான் அதிகம் பேரை அனுப்புகின்றன. இந்த ஐந்தில் ஒன்றில்கூடப் பெரும்பான்மை மக்களின் தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதாவது கடலில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்தான்.

இதனால்தான் சர்வதேச கடல்சார் அமைப்பு 1977-ல் கப்பல் ஓட்டுவதற்கான சொல்தொகுதி ஒன்றை வகுத்தது. அதை விரிவாக்கி, 2001 நவம்பரில் எஸ்.எம்.சி.பி. என்ற தொடர் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. 500 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் வாட்ச் பார்க்கும் அதிகாரி இதைப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

இந்தத் தொகுப்பின் விதிகள் சுவாரசியமானவை. 'கான்ட்', 'டோன்ட்' போன்ற சுருக்க வடிவங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. ஏன்? காற்றின் இரைச்சலிலும் எஞ்சின் சத்தத்திலும் 'கேன்' எது, 'கான்ட்' எது என்று காதில் பிரித்துக் கேட்க முடியாது. 'முடியும்' என்பது 'முடியாது' என்று கேட்டால் என்ன ஆகும்? 'மே', 'குட்', 'ஷுட்' போன்ற சொற்களும் வேண்டாம் என்கிறது. பள்ளியில் பணிவாகப் பேசக் கற்றுக்கொடுத்த சொற்கள்தான் இவை. "மே ஐ என்டர்?" என்று வானொலியில் கேட்டால், அது அனுமதி கேட்பதா, உள்ளே வரப் போவதாகச் சொல்வதா என்று கேட்கிறவருக்குக் குழப்பம். அதனால் முதலில் 'கொஸ்டின்' என்று சொல்லிவிட்டு, 'எனக்கு அனுமதி உண்டா' என்று முழுதாகக் கேட்க வேண்டும். இப்படி உத்தரவு, ஆலோசனை, எச்சரிக்கை, தகவல், கேள்வி, பதில், வேண்டுகோள், நோக்கம் என்று எட்டு முன்சொற்கள் இருக்கின்றன.

எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். 150 என்றால் 'ஒன் ஃபைவ் சீரோ'. ஆனால் சுக்கான் கோணத்துக்கு மட்டும் 15 என்றால் 'ஃபிஃப்டீன்'. சுக்கான் பிடிப்பவருக்கு 'ஸ்டார்போர்ட் டென்' என்று உத்தரவு வந்தால், அவர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். சுக்கான் அந்தக் கோணத்துக்கு வந்ததும் இன்னொரு முறை சொல்ல வேண்டும். "எஞ்சின் தயாரா?" என்று கேட்டால் 'யெஸ்' என்று மட்டும் சொன்னால் போதாது. "யெஸ், எஞ்சின் தயாராக இருக்கிறது" என்று முழுப் பதில் வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கான்வென்ட்டில் படித்துச் சரளமாகப் பேசுகிற மாணவன் இங்கே வந்து பாதியை மறக்க வேண்டியிருக்கிறது. தமிழ் மீடியம் மாணவன் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இருவருக்கும் இது புது மொழிதான். 'மேக் ஃபாஸ்ட்' என்றால் சீக்கிரம் செய் என்று அர்த்தமில்லை, கயிற்றை இறுக்கிக் கட்டு என்று அர்த்தம். 'பெயிண்டர்' என்றால் வர்ணம் அடிப்பவர் அல்ல, உயிர்காப்புப் படகின் முன்பக்கம் கட்டும் கயிறு. 'மங்கி ஐலண்ட்' ஒரு தீவே அல்ல, கப்பலின் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் தளம். எந்த மீடியத்தில் படித்திருந்தாலும் இதெல்லாம் கப்பலுக்குப் போகிறவன் தனியாகக் கற்றாக வேண்டியவை.

ஒரு பழைய கதை

கப்பலில் யார் யாருடைய மொழியைக் கற்றார்கள் என்பதும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்களில் 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகள் ஏராளமாக வேலை செய்தார்கள். அவர்களுக்கு உத்தரவு போட ஆங்கிலேய அதிகாரிகள்தான் அவர்கள் பேச்சைக் கற்க வேண்டியிருந்தது. அதற்காகவே தாமஸ் ரோபக் என்பவர் 1811-ல் கல்கத்தாவில் ஆங்கில - இந்துஸ்தானிக் கப்பல் சொல் அகராதி ஒன்றை வெளியிட்டார். 1882-ல்கூட அது திருத்தப்பட்டு லண்டனில் மறுபடி வந்தது. தோணித் தலைவரைக் குறிக்கும் 'தண்டல்' என்ற நம் கடற்கரைச் சொல், 'டிண்டல்' ஆகி அந்தக் கப்பல்களில் ஒரு பதவியின் பெயராகவே இருந்தது. கடல் தொழிலின் மொழி தேவைக்காகக் கற்றுக்கொள்ளப்படுவது. பிறவியிலேயே ஒருவருக்கு வந்துவிடுவதில்லை.

மொழி தவறினால் என்ன ஆகும்?

1990 ஏப்ரல் 7-ம் தேதி, நார்வேயிலிருந்து டென்மார்க் போய்க்கொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பலில் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ஊழியர்களில் பலருக்குப் பயணிகளின் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. எந்த வழியாக ஓடுவது என்று சொல்லக்கூட ஆளில்லை. மொழி தெரியாததால் வந்த ஆபத்து இது.

அடுத்தது வேறு மாதிரி. துறைமுகத்துக்குள் கப்பலை நடத்திச் செல்ல அந்த ஊர்க் கடலை அறிந்த பைலட் ஒருவர் ஏறுவது வழக்கம். 2007 நவம்பர் 7-ம் தேதி, காஸ்கோ பூசான் என்ற கண்டெய்னர் கப்பல் அமெரிக்காவின் ஓக்லண்டிலிருந்து கடும் மூடுபனியில் புறப்பட்டது. பைலட் அமெரிக்கர், கேப்டன் சீனர். எலக்ட்ரானிக் வரைபடத்தில் இருந்த சிவப்பு முக்கோணங்களின் பொருள் பைலட்டுக்குத் தெரியவில்லை. அது பாலத்தின் நடுப்பகுதிதானே என்ற பொருளில் அவர் கேட்க, கேப்டன் ஆமாம் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவை பாலத்தின் தூணருகே இருந்த மிதவைகளைக் குறித்தவை. கப்பல் பாலத்தின் தூண் அமைப்பில் உரசி, சுமார் இரண்டு லட்சம் லிட்டர் எரிஎண்ணெய் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கொட்டியது. பைலட் சாப்பிட்டிருந்த மருந்துகள் அவர் திறனைப் பாதித்திருந்தன என்றும், புறப்படும் முன் இருவரும் பாதையைப் பற்றிச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்றும், கேப்டன் பைலட்டைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் விசாரணை சொன்னது.

இங்கே இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அவர்கள் பரிமாறிக்கொண்ட சொற்கள் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்தவை. இல்லாமல் போனது இலக்கணம் அல்ல. "எதைக் கேட்கிறீர்கள், மறுபடி சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியம்தான் இல்லாமல் போனது.

சில சொற்களே எவ்வளவு செய்யும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 மார்ச் 26-ம் தேதி அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தை நோக்கிப் போனது. ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பைலட் கொடுத்த அவசரத் தகவல் கரைக்குப் போய், போலீசார் வண்டிகளை நிறுத்தினார்கள். பாலம் இடிந்தது. அதன் மேல் சாலை வேலையில் இருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தது பெரும் சோகம். ஆனால் அந்தச் சில விநாடித் தகவல் போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வண்டிகள் ஆற்றில் விழுந்திருக்கும்!

புரியவில்லை என்று சொல்லும் தைரியம்

தமிழ்நாட்டு வகுப்பறைகளின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று வாத்தியார் கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். புரியவில்லை என்று எழுந்தால் பக்கத்துப் பையன் சிரிப்பான், வாத்தியார் முறைப்பார். ஆங்கிலம் என்றால் கூச்சம் இன்னும் இரண்டு மடங்கு. இப்படிப் பழகிய பையன் கப்பலில் ஏறினால், சீஃப் எஞ்சினியர் ஏதோ ஒரு வால்வை மூடச் சொல்லும்போது, எந்த வால்வு என்று சரியாகப் புரியாமலேயே "யெஸ் சார்" என்பான். அந்த "யெஸ் சார்"தான் ஆபத்து. 'சே அகெய்ன்' என்று கேட்பது கப்பலில் அவமானம் இல்லை. அது எஸ்.எம்.சி.பி.யிலேயே இருக்கும் முறையான தொடர்.

இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு. "அப்படியானால் நூறு தொடர்களை மனப்பாடம் செய்தால் போதுமா?" போதாது. எஞ்சின் ரூமில் வேலை செய்பவர் தயாரிப்பாளரின் ஆங்கிலக் கையேட்டைப் படித்துத்தான் பம்பைப் பிரிக்க வேண்டும். அங்கே வாசிப்பு ஆங்கிலம் கட்டாயம். பிரிட்ஜில் இருப்பவருக்கு எழுத்து ஆங்கிலமும் வேண்டும். சரக்கு ஏறும்போது சீஃப் ஆபீசர் தரும் மேட்ஸ் ரசீதை வணிகவியல் மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பார்கள். மூட்டைகள் கிழிந்திருப்பதைப் பார்த்தும் அதில் குறிப்பு எழுதாமல் விட்டால், சரக்கு நல்ல நிலையில் ஏறியது என்றே பில் ஆஃப் லேடிங் வந்துவிடும். அப்புறம் நஷ்டத்துக்குக் கப்பல் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு லட்சக்கணக்கில் விலை!

ஆனால் இந்த வாசிப்பும் எழுத்தும்கூட மனப்பாடத்தால் வருவதில்லை. ஓரல்ஸுக்காகக் கேள்வி பதில்களை ஜெராக்ஸ் எடுத்து உருப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பியூரிஃபையர் எப்படி வேலை செய்கிறது என்ற பதிலை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் அது சுழற்றிப் பிரிப்பதை முதலில் தமிழில் புரிந்துகொண்டவன், நாலு ஆங்கில வாக்கியத்தில் தட்டுத் தடுமாறியாவது அதை விளக்கிவிடுவான். எனவே கருவியை முதலில் தாய்மொழியில் விளக்கிவிட்டு, பிறகு அதற்கான ஆங்கிலத் தொடர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவதே சரியான முறை. வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று அபராதம் போடுவதால் ஆங்கிலம் வளராது, வாய்தான் மூடிக்கொள்ளும்.

பெற்றோர்கள் அகாடமியில் பணம் கட்டும் முன், கட்டிடத்தையும் வெள்ளைச் சீருடையையும் மட்டும் பார்க்காமல் சில கேள்விகள் கேட்கலாம். வி.எச்.எஃப். வானொலியில் பேசிப் பழக மாணவனுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? உத்தரவைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி தினமும் உண்டா? உண்மையான கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பம்பையாவது பிரித்து மாட்டச் சொல்வார்களா? பையன் எழுந்து "சார், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்றால் அங்கே என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் இருப்பவரிடம் பதில் கிடைக்காது. அங்கே ஏற்கனவே படிக்கும் பையன்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்ட பிறகு பணத்தைக் கட்டுங்கள்.